இலவசப் பயணம் யார் கணக்கில்?
எழுத்தாளர்களை அழைத்து விருந்தினரைப் பிடிக்கும் தீவுகள்

வணிகப் பெருமக்களில் பலர் கம்பெனி டூர் போய் வந்தவர்கள்தான். சோப்பு, பிஸ்கட், எண்ணெய் என்று ஆண்டு முழுவதும் குறிப்பிட்ட அளவு சரக்கு எடுத்தால், டீலர்களைக் கோவாவுக்கோ பாங்காக்குக்கோ கம்பெனி செலவில் அழைத்துப் போவார்கள். அது நடந்து முடிந்த விற்பனைக்குத் தரும் பரிசு. இனி நடக்கப்போகும் விற்பனையை நம்பி முன்கூட்டியே தரும் பயணம் ஒன்றும் உண்டு. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் தீவுகள் அதைத்தான் செய்கின்றன.

இணையத்தில் நாட்குறிப்புப் போலத் தொடர்ந்து எழுதுபவர்களை வலைப்பதிவர் என்கிறோம். பயணம் பற்றி எழுதியும் படம் எடுத்துப் போட்டும் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இவர்களில் உண்டு. அப்படிப்பட்டவரை விமானச் சீட்டு, தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் கொடுத்துத் தீவுக்கு அழைக்கிறார்கள். அவர் கண்டதை எழுதுகிறார். படித்தவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த விடுமுறைக்கு அந்தத் தீவுக்கு வருவார்கள் என்பது கணக்கு. இந்தக் கணக்கு எங்கே சரியாக வருகிறது, எங்கே இடிக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கடை விளம்பரத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது.

வரி விளம்பரத்தில் தொடங்கியது

இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2009இல் செய்த வேலை. அங்குள்ள பெரும் பவளப்பாறைத் தொடரை உலகமே அறியும். ஆனால் அதையொட்டிய தீவுகளில் தங்கிப் பொழுதுபோக்கலாம் என்பது வெளிநாட்டாருக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. உலகப் பொருளாதாரம் படுத்திருந்த நேரம் அது. பெரிய விளம்பரம் செய்யக் கையில் பணம் குறைவு.

அந்த மாநிலச் சுற்றுலா அமைப்பு 2009 ஜனவரியில் பல நாடுகளில் வேலைவாய்ப்பு விளம்பரம் கொடுத்தது. “தீவுக் காப்பாளர் தேவை” என்பதுதான் செய்தி. ஹாமில்டன் தீவில் வாடகையில்லாத வீடு. ஆறு மாதத்துக்கு 1,50,000 ஆஸ்திரேலிய டாலர் சம்பளம். மீனுக்கு இரை போடுவது, நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்வது என்று சில்லறை வேலைகளைப் பட்டியலிட்டிருந்தாலும், உண்மையான வேலை தீவு தீவாகச் சுற்றி வந்து வாராவாரம் இணையத்தில் எழுதுவதும் படம் போடுவதும்தான். விண்ணப்பிப்பவர் ஒரு நிமிடத்துக்கு மிகாத படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

ஏறத்தாழ 200 நாடுகளிலிருந்து 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். கூட்டம் தாங்காமல் இணையதளமே முடங்கியது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வான 16 பேரைத் தீவுக்கே வரவழைத்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த பென் சவுத்ஹால் தேர்வு பெற்று, ஜூலையில் வேலையில் சேர்ந்தார். அந்த ஆண்டு கான் நகரில் நடந்த உலக விளம்பர விழாவில் இந்தத் திட்டம் மூன்று தலைமைப் பரிசுகளை வென்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சம்பளம் ஒருவருக்குத்தான். ஆனால் விண்ணப்பித்த அத்தனை பேரும் அந்தத் தீவுகளைப் பற்றித் தேடிப் படித்து, நண்பர்களிடம் பேசி, தாங்களே ஒரு விளம்பரப் படமும் எடுத்து அனுப்பினார்கள். அந்த வேலைக்கு அவர்களில் யாருக்கும் கூலி கிடையாது. உலகப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் செய்தியாகவே வெளியிட்டன.

செலவு எப்படிக் கட்டுப்படியாகிறது?

இன்று நடக்கும் சாதாரண வலைப்பதிவர் பயணத்தில் இத்தனை ஆர்ப்பாட்டம் இருக்காது. செலவைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். விமானக் கம்பெனி சீட்டுத் தருகிறது. ஓட்டல் அறை தருகிறது. உணவகம் ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறது. படகுக்காரர் ஒரு சவாரி கூட்டிப்போகிறார். சுற்றுலா அமைப்பு மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

காய்கறிக் கடைக்காரருக்கு இது எளிதில் புரியும். மாலைக்குள் விற்காத கீரை மறுநாள் காலையில் குப்பை. ஓட்டல் அறையும் அப்படித்தான். இன்று இரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. ஆகவே சீசன் இல்லாத மாதத்தில் விருந்தாளியை இலவசமாகத் தங்க வைத்தால் ஓட்டலுக்கு ஆகும் உண்மைச் செலவு துவைப்புக் கூலியும் காலைச் சிற்றுண்டியும்தான். சீசனில் அதே அறையைக் கொடுத்தால் முழு வாடகையும் நட்டம்.

வந்தவர் எங்கே போகிறார் என்பது அடுத்த கேள்வி. ஓட்டலின் நீச்சல் குளத்தை மட்டும் காட்டி அனுப்பினால் அவர் அதைத்தான் எழுதுவார். படித்து வருபவர்களும் ஓட்டலுக்குள்ளேயே தங்கி, உண்டு, திரும்பிப் போவார்கள். அந்தத் தீவின் மளிகைக் கடைக்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். சந்தை, மீன் ஏலம், பலகாரக் கடை, மசாலாக் கடை ஆகியவையும் பயணத் திட்டத்தில் இருந்தால்தான் பணம் கடைத்தெருவுக்கு வரும். எனவே திட்டம் போடும் இடத்தில் உள்ளூர் வணிகர் சங்கத்துக்கும் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.

சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்

இலவசமாகச் சாப்பிட்டவர் எழுதும் பாராட்டை எவ்வளவு நம்பலாம்? இந்த முறையின் பலவீனமே இதுதான். குவீன்ஸ்லாந்து திட்டத்திலேயே ஒரு சறுக்கல் நடந்தது. ஆர்வ மிகுதியால் ஒரு பெண் பச்சை குத்திக்கொள்வதாக வந்த படம் விண்ணப்பதாரர் அனுப்பியதல்ல, விளம்பரக்காரர்களே தயாரித்தது என்பது வெளிப்பட்டுக் கண்டனத்துக்கு ஆளானது. மாறாக, பணி முடியும் தறுவாயில் பென் சவுத்ஹாலை நஞ்சுள்ள சிறு சொறிமீன் ஒன்று கொட்டியது. அவர் அதை மறைக்காமல் எழுதினார். குறையையும் சொல்பவர் நிறையைச் சொன்னால் நம்புவார்கள். இது கடைக்கும் பொருந்தும். “இந்தப் பருப்பு கொஞ்சம் பழசு, வேக நேரமாகும்” என்று சொல்லிக் கொடுக்கும் கடைக்காரரிடம் வாடிக்கையாளர் மறுபடியும் வருகிறார் அல்லவா?

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பணமோ இலவசப் பொருளோ பெற்று எழுதுபவர் அதை வாசகரிடம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2009இல் வழிகாட்டி நெறிகளைத் திருத்தியது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகளிலும் இதே கட்டாயம் இருக்கிறது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், பயணம், தங்குமிடம் எதைப் பெற்றாலும் தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உற்பத்தியாளருக்கும் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

வருமான வரியும் உண்டு. தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள இலவசப் பொருளோ பயணமோ கொடுத்தால், கொடுப்பவர் அதன் மதிப்பில் 10 சதவீத வரி கட்டப்படுவதை உறுதி செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் வந்தது. முந்தைய ஆண்டில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் இல்லாத தனிநபர் வணிகருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. நம் ஊரில் யாரையாவது அழைத்துக் கடையைப் படம் எடுத்துப் போடச் சொல்பவர்கள் முதலில் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கூட்டம் வந்த பிறகு

விளம்பரம் பலிக்காமல் போவது ஒரு நட்டம். அளவுக்கு மீறிப் பலிப்பது அதைவிடப் பெரிய நட்டம். பிலிப்பைன்ஸ் நாட்டின் போராக்காய் மிகச் சிறிய தீவு. வெண்மணல் கடற்கரையின் பெயர் பல வழிகளில் உலகமெங்கும் பரவி, 2017இல் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் வந்தார்கள். கழிவுநீர் கடலில் கலந்தது. விதியை மீறிய கட்டடங்கள் கரையை நெருங்கின. 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதத்துக்கு அரசு தீவையே மூடிவிட்டது. கழிவுநீரைக் கலக்கவிட்டவர்களுக்கு மட்டுமா தண்டனை? ஒழுங்காகக் கடை நடத்தியவர்களுக்கும் ஆறு மாதம் வியாபாரம் இல்லை. திறந்தபோது ஒரே நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள்.

வடக்கு அட்லாண்டிக்கிலுள்ள பரோ தீவுகள் வேறு வழியில் போயின. மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டும். 2016இல் செம்மறி ஆடுகளின் முதுகில் காமிரா கட்டி அவை போகும் வழியெல்லாம் படம் பிடித்து இணையத்தில் விட்டார்கள். செலவு சொற்பம், செய்தி உலகெங்கும். கூட்டம் கூடத் தொடங்கியதும், 2019 ஏப்ரலில் முக்கிய இடங்களைச் சில நாள் பராமரிப்புக்காக மூடி, வெளிநாட்டிலிருந்து 100 தொண்டர்களை வரவழைத்தார்கள். சாப்பாடும் தங்குமிடமும் தீவின் பொறுப்பு. வந்தவர்கள் நடைபாதை போட்டார்கள், வழிகாட்டிப் பலகை நட்டார்கள். ஊருக்குத் திரும்பியதும் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். இலவசமாகக் கொடுத்ததற்குப் பாராட்டும் கிடைத்தது, பாதையும் கிடைத்தது.

நமக்கான பாடம்

கட்டுரை எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பது விற்பனை ஆகாது. நோட்டீசைக் கையில் வாங்கியவரெல்லாம் கடைக்கு வந்தவர் ஆக மாட்டார். கல்லாவில் விழுந்ததுதான் கணக்கு. ஆகவே இலவசமாக எதையும் கொடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு உண்மையில் ஆகும் செலவு எவ்வளவு? எழுதுபவரின் வாசகர்கள் என் கடைக்கு வரக்கூடியவர்களா? அவர் இலவசமாகப் பெற்றதை வெளிப்படையாகச் சொல்வாரா? கூட்டம் வந்தால் தரமான சரக்கைத் தர என்னால் முடியுமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் விளம்பரத்தைச் சற்றுத் தள்ளிப் போடுவதே லாபம். பெயர் பரவ ஒரு படம் போதும். கெட்ட பெயர் பரவவும் அதே ஒரு படம் போதும்.