ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை!

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் பத்துக்கு ஒன்பது பேர், "ஈரோடா?" என்பார்கள். ஈரோடு இல்லை ஐயா, எரியோடு! திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் போகிற ரயில் பாதையில், வேடசந்தூர் தாலுகாவில் இருக்கிற ஒரு சின்னப் பேரூராட்சி. ரேஷன் கடை உண்டு, டீக்கடை உண்டு, சந்து பொந்தெல்லாம் சொந்தக்காரர்கள் உண்டு. பெரிய வியாதி என்று வந்துவிட்டால் மட்டும் திண்டுக்கல்லுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதுரை ஆரப்பாளையத்துக்கு இன்னொரு பஸ். இந்த இரண்டு பஸ் கண்டக்டர்களும் எனக்கும் அம்மாவுக்கும் இப்போது தோஸ்த்.

காரணம், அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். நாலாவது கட்டம். எலும்புக்குப் பரவியது.

பார்த்தீர்களா, 'மார்பகம்' என்று படித்ததும் சிலர் பக்கத்து சீட்டை ஒரு தடவை பார்த்திருப்பீர்கள். இந்தக் கட்டுரையே அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான்.

'நெஞ்சுல ஒரு இது...'

அம்மாவுக்கு வயது 68. பிள்ளைகள் இரண்டு பேர். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் இருக்கிறான். நான் பி.காம். முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் இப்படிப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். வீட்டில் பெண்பிள்ளை கிடையாது. அப்பா காலமாகிப் பல வருஷமாச்சு.

கட்டி வந்து ஏழெட்டு மாதம் அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. முதுகு வலி தாங்க முடியாமல் போனபோதுதான் என் மனைவியிடம், "நெஞ்சுல ஒரு இது..." என்று ஆரம்பித்தது. 'இது' என்றால் என்ன என்று கண்டுபிடிக்க இரண்டு நாள், டாக்டரிடம் போக மூன்று நாள்.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"ஆம்பிளைப் பிள்ளைககிட்ட இதை எப்படிச் சாமி சொல்றது?"

இந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. காய்ச்சல் என்றால் சொல்லியிருக்கும். மூட்டுவலி என்றால் தெரு முழுக்கச் சொல்லியிருக்கும். இடம்தான் பிரச்னை!

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்தியப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். 2022-ல் மட்டும் நம் நாட்டில் புதிதாக ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு வந்திருக்கிறது என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் மதிப்பீடு. ஆரம்பத்திலேயே பிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடிய வியாதி. ஆனால் நம் ஊரில் நிறையப் பேர் முற்றின பிறகே ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறார்கள். கட்டி வலிக்காது. அதுதான் அதன் சூழ்ச்சி. 'வலிக்கலையே, விடு' என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் காலத்து அக்கா ஒருத்தர்

வீட்டில் ஒருத்தருக்குப் புற்றுநோய் வந்தால் கூட இருந்து பார்க்கிறவர்கள் என்ன ஆவார்கள்? பெரும்பாலும் இடிந்து போவார்கள். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி வேறு மாதிரி. டாக்டருக்குப் படித்தவர். அவருடைய தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் விடவே இல்லை. முப்பது வருஷம் மனதில் வைத்திருந்து, பணம் திரட்டி, கெஞ்சி, சண்டை போட்டு, 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். ஆரம்பத்தில் 12 படுக்கைதான்! அடுத்த வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண் மூடும் வரை அங்கேயேதான் இருந்தார். மகசேசே விருதும் பத்ம விபூஷணும் அவரைத் தேடி அங்கே வந்தன.

நாம் ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம். ஒரு ஃபைல் ஒழுங்காக வைத்துக்கொண்டாலே போதும்.

ஒரு ஃபைல், ஒரு நோட்டு

பி.காம். படித்ததற்கு முதல் தடவையாகப் பலன் தெரிந்தது இங்கேதான். ஜவுளிக்கடை மஞ்சள் பையில் ரிப்போர்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டு வருகிறவர்களை வார்டில் பார்க்கிறேன். டாக்டர் "பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?" என்றால், அதிலிருந்து கரண்ட் பில் வரும். ஒரு ஃபைல் போடுங்கள். தேதி வாரியாக. முதல் பக்கத்தில் பயாப்ஸி, அதற்குப் பின்னால் ஸ்கேன், அப்புறம் ரத்தப் பரிசோதனை.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டியின் ஜாதகமே இருக்கிறது. ஹார்மோனைத் தின்று வளர்கிற ரகமா, 'ஹெர்-2' என்ற புரதம் அதிகம் உள்ள ரகமா, இரண்டும் இல்லாத ரகமா என்பது அதில் தெரியும். வைத்தியம் அதைப் பொறுத்தது. அம்மாவுக்கு ஹார்மோன் ரகம். மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்புக் கொழுப்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாராகுமாம். அந்த உற்பத்தியை நிறுத்துகிற லெட்ரோசோல் மாத்திரை தினம் ஒன்று. எலும்புக்கு ஊசி. முதுகு வலிக்கு ஐந்து நாள் கதிர் வைத்தியம்.

"இவ்வளவு பெரிய வியாதிக்கு இத்துனூண்டு மாத்திரையா?" என்று அம்மாவுக்கே ஏமாற்றம்! அந்த இத்துனூண்டு மாத்திரை ஒரு வருஷத்துக்கு மேல் வியாதியைக் கட்டிப் போட்டது. அதற்குப் பிறகுதான் கீமோ.

நோட்டில் மூன்று விஷயம் பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஒன்று: கீமோ எடுக்கிறவருக்கு ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால் நேராக ஆஸ்பத்திரி. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிற நேரம் அது. பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைத்து, 'காலையில பார்ப்போம்' என்கிற பேச்சே கிடையாது.

இரண்டு: எலும்புக்குப் பரவினவருக்கு முதுகுவலி திடீரென்று கூடி, கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, மூத்திரம் போக முடியாவிட்டாலோ அன்றைக்கே டாக்டர். தண்டுவடம் நசுங்குகிற அறிகுறி அது. ஒரு நாள் தாமதித்தால் நடை திரும்பாமலே போகலாம்.

மூன்று: வலியைப் பொறுத்துக்கொள்வதற்குப் பரிசு யாரும் தருவதில்லை. வலி இருந்தால் சொல்ல வேண்டும். மார்ஃபின் மாத்திரை என்றதும், "அது போதை மருந்தாச்சே!" என்று மாமா குதித்தார். டாக்டர் சொல்கிற அளவில், வலிக்காக எடுத்துக்கொள்கிறவர் அதற்கு அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல்தான் நிச்சயம் வரும். அதற்கும் சேர்த்து மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பற்று, வரவு

இனி ஆபீஸ் நண்பர்களுக்கான பகுதி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அம்மா கார்டு எங்கே என்று இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் வருமானச் சான்றிதழோடு விண்ணப்பியுங்கள்.

ரயிலில் சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட்டே இலவசம். கூடப் போகிற ஒருத்தருக்கு முக்கால்வாசி தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு படிவம் தருவார்கள். டாக்டர் கையெழுத்து வேண்டும். சென்னைக்கும் வேலூருக்கும் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

வருமான வரி கட்டுகிறவரா? பழைய வரி முறையில் இருந்தால், 60 வயது தாண்டிய பெற்றோரின் புற்றுநோய்ச் செலவுக்கு ஒரு லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸில் வந்த தொகையைக் கழித்து, மீதிக்குத்தான். சிறப்பு மருத்துவரின் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

லீவு? அதற்கு எந்தச் சட்டத்திலும் எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் மேனேஜரிடம், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை சார்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். அவர் அதை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், வாராவாரம் செவ்வாய்க்கிழமை கீமோ, பன்னிரண்டு வாரம்" என்று சொன்னால் மனிதர் நிமிர்ந்து உட்காருவார். அண்ணன் அப்படித்தான் மாற்றுச் செவ்வாய்களை வாங்கினான்.

'அம்மாகிட்ட சொல்லாதீங்க!'

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனையோடு வந்தார்கள். சித்தி ஒரு மூலிகைப் பொடி. மாமா ஒரு ஜோசியர். எல்லோரும் ஒருமித்துச் சொன்னது ஒன்றுதான்: "அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்கப்பா. தாங்காது!"

அண்ணனும் நானும் ஒரு ராத்திரி பூரா பேசினோம். மறுநாள் நான்தான் சொன்னேன். பரவியிருக்கிறது, முழுசாகப் போகாது, அடக்கி வைக்கத்தான் மருந்து. அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

"வார்டுல எல்லாருக்கும் முடி கொட்டியிருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும்!" என்றது. அப்புறம் அழுதது. அழுது முடித்து, "ராத்திரிக்கு என்ன, தோசை மாவு இருக்கா?" என்று கேட்டது.

சொன்னதால் என்ன லாபம் என்பது கீமோ முடிந்த பிறகு தெரிந்தது. ஸ்கேனில் வியாதி கல்லீரலிலும் தெரிந்தது. டாக்டர் நல்ல மனிதர். எங்களைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே பேசினார். வேறொரு கீமோ கொடுக்கலாம், சில மாதம் கூடலாம், உடம்பு படும் என்றார்.

"நான் நின்னு சோறாக்குற மாதிரி இருப்பேனாய்யா?" என்று அம்மா கேட்டது.

"சில நாள் முடியும்மா, சில நாள் முடியாது."

அம்மா ஒரு வாரம் டயம் கேட்டது. அந்த வாரத்தில் நகையை இரண்டு மருமகள்களுக்கும் பிரித்தது. வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சொன்னது. பிறகு, "போதும் சாமி. வலி இல்லாம வீட்ல இருக்கேன்" என்றது. அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. கடன் வாங்கியாவது பார்ப்போம் என்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னைக் கடங்காரனாக்கிட்டுப் போகவா பெத்தேன்?" என்றது. காசு ஒரு காரணமாக இருக்கக் கூடாது என்று நாங்கள் அடித்துச் சொன்ன பிறகும் முடிவு மாறவில்லை. தெரிந்து எடுத்த முடிவு. யாரும் மறைத்திருந்தால் அந்த ஒரு வாரம் அதற்குக் கிடைத்திருக்காது.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறது. மார்ஃபின் மாத்திரை, காலையில் கஞ்சி, சாயங்காலம் வாசலில் நாற்காலி. முந்தாநாள் என் மனைவி வைத்த ரசத்தில் உப்பு குறைச்சல் என்று கண்டுபிடித்தது. மருமகள் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுக்கப் போனாள்.

கடைசியாக...

தம்பிமார்களே, இன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணும்போது, 'சாப்டியா, மழை பெய்ஞ்சுதா' என்பதோடு வைத்துவிடாதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "யம்மா, மார்ல கட்டி, தோல் சுருங்குறது, காம்பு உள்ள இழுக்குறது, ரத்தக் கசிவு, அக்குள்ல நெறி... ஏதாச்சும் இருக்கா? இருந்தா சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன்."

முதலில், "சீ, போடா!" என்பார்கள். பரவாயில்லை. இவனிடம் சொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதே, அது போதும்.