கொம்பனியின் கணக்குப் பிழையால் கூடி வந்த பணம் யாருடையது?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளியிலிருந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிச் சென்றார். சில்லறைக் கடையோடு சிறிய அளவில் மொத்த வியாபாரமும் செய்பவர். ஊரும் பெயரும் வேண்டாம்.

"ஹாஜியார், ஒரு கொம்பனிக்கு பழுதான சாமான் திருப்பி அனுப்பினேன். 42,300 ரூபாவுக்கு கிரெடிட் நோட் வந்தது. அடுத்த மாத ஸ்டேட்மென்டில் அதே நோட்டை இன்னுமொரு தடவை கழித்திருக்கிறார்கள். நான் களவெடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. அவர்களாகவே தந்தது. வைத்துக்கொண்டால் குற்றமா?"

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அதே கொம்பனி அவருக்கு 18,000 ரூபா கிளைம் பணம் தரவேண்டுமாம். ஆறு மாதமாக இன்று, நாளை என்று இழுத்தடிக்கிறார்களாம். "அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தையாவது பார்ப்போமே" என்றார்.

அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், இதே கேள்விக்கு நான் ஒரு காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் பிழையானது.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நடந்த விடயம். ஒரு பெரிய கொம்பனியிடம் கடனுக்குச் சாமான் எடுத்து வந்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் கொம்பனியின் வங்கிக் கணக்கில் பணத்தைக் கட்டிவிட்டு சிலிப்பை பெக்ஸில் அனுப்புவோம். அனுப்ப மறந்தால் யார் கட்டினார் என்பதைக் கணக்குப் பிரிவில் ஊகித்துத்தான் பதிவார்கள். ஒரு மாத முடிவில் வந்த ஸ்டேட்மென்டைப் பார்த்த என் கணக்குப் பொடியன், "முதலாளி, 1,86,500 ரூபா நாங்கள் கட்டியதாகப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கட்டவில்லையே" என்றான். "விடு, அடுத்த மாதம் அவர்களே பிடிப்பார்கள்" என்று சொன்னேன்.

அடுத்த மாதம் அவர்கள் பிடிக்கவில்லை. பாக்கி குறைந்திருந்தபடியால் எனக்கு இன்னும் கூடுதலாகக் கடனுக்குச் சாமான் கிடைத்தது. அதையும் விற்றேன். பொடியன் அந்த விடயத்தைப் பிறகு பேசவில்லை. ஆனால் ஸ்டேட்மென்டைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் விதத்தில் ஒரு மாற்றம் இருந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ரமழான் நெருங்கியது. வழமை போல ஸகாத் கணக்குப் பார்க்கக் கொப்பியை எடுத்தேன். ஒரு பக்கம் கையிருப்பும் ஸ்டொக்கும். மறுபக்கம் கொடுக்கவேண்டியவை. அந்த 1,86,500ஐ எந்தப் பக்கத்தில் எழுதுவது? என்னுடையது என்று எழுதினால், எப்படி என்னுடையதானது என்று ஒரு வரி எழுத வேண்டும். கொடுக்கவேண்டியது என்று எழுதினால், ஏன் இரண்டு மாதமாகக் கொடுக்கவில்லை? பேனையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள் காலை கொம்பனிக்கு டெலிபோன் எடுத்தேன்.

கணக்குப் பிரிவில் ஒரு சிங்களப் பிள்ளை பேசினாள். முதலில் நம்பவில்லை. குறைத்துப் போட்டுவிட்டதாகச் சண்டை பிடிக்கத்தான் எல்லோரும் எடுப்பார்கள் போலும். நான்கைந்து நாட்கள் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தாள். அந்தப் பணத்தை கட்டியவர் வேறொரு மாவட்டத்தில் உள்ள ஒரு முஸ்லிம் வியாபாரி. எங்கள் கடைப் பெயரும் அவருடைய கடைப் பெயரும் ஏறக்குறைய ஒன்று. முதலெழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். நமது கடைப் பெயர்கள் எப்படியென்று உங்களுக்குத் தெரியும்தானே.

அவர் பணம் கட்டியும் கட்டாதவராகக் கணக்கில் நின்றார். கொம்பனி சாமானை நிறுத்திவிட்டது. வங்கிச் சிலிப்பை எங்கேயோ தவறவிட்டதால் அவரால் நிரூபிக்கவும் முடியவில்லை. நோன்பு வியாபாரத்துக்குச் சாமான் சேர்க்கும் நாட்களில் அவருடைய ராக்கைகள் காலி. பெரிய கொம்பனிதானே, யாருக்கு நட்டம் என்று நான் எண்ணியிருந்த அந்தப் பணத்தில் கொம்பனியின் காசு ஒரு சதமும் இருக்கவில்லை.

பிறகு அவரோடு பழக்கம் ஏற்பட்டது. ரெப் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கும்போது பாக்கியைக் கேட்ட கதையைச் சொன்னார். பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான் என்று எனக்கு துஆ செய்வதாகவும் சொன்னார். இரண்டு மாதம் தெரிந்துகொண்டே இருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பரவாயில்லை நானா" என்றார். இன்றும் பேசுகிறோம். ஆனால் அந்த துஆவைப் பற்றி அவர் மறுபடி சொன்னதில்லை.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? சிலர் இதைக் கண்டெடுத்த பொருள் என்று நினைக்கிறார்கள். கண்டெடுத்த பொருளுக்கு ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம், சொந்தக்காரர் யாரென்று தெரியாதபோதுதான். இங்கே சொந்தக்காரரின் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் இன்வொய்ஸின் தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறது. பரஸ்பரம் திருப்தியோடு நடக்கும் வியாபாரத்தின் மூலமன்றி ஒருவர் பொருளை மற்றவர் உண்ணக்கூடாது என்பது சூரத்துந் நிஸாவின் 29ஆவது வசனத்தின் கருத்து. தெரியாமல் நடந்த பிழையில் திருப்தி எங்கே இருக்கிறது?

பள்ளிக்குக் கொடுத்துவிட்டால் சரிதானே என்றும் கேட்கிறார்கள். சொந்தக்காரர் தெரியும்போது அவருடைய பணத்தை நாம் ஸதகா கொடுக்க முடியாது. தேடியும் கிடைக்காத நிலையில்தான் அவர் பெயரில் கொடுப்பது பற்றிய பேச்சே வருகிறது. கொம்பனி முஸ்லிமுடையதல்ல என்ற சாட்டை இந்தப் பக்கத்தில் எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் என் காதால் கேட்டிருக்கிறேன். மக்காவில் தம்மை எதிர்த்தவர்களின் அமானிதங்களைக் கூட ஹிஜ்ரத் போகும் நேரத்தில் அலி (ரழி) அவர்களை வைத்துத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தவர்கள் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள்.

பஸராவின் துணி வியாபாரி யூனுஸ் இப்னு உபைத் அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். 200 திர்ஹம் ஆடையை அவருடைய சகோதரரின் மகன் 400க்கு விற்றுவிட்டார். வாங்கியவர் திருப்தியோடுதான் போனார். ஆனாலும் யூனுஸ் அவர்கள் விடாமல் 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கியவன் திருப்தியாக இருந்த இடத்திலேயே அப்படியென்றால், தந்தவனுக்குத் தந்ததே தெரியாத இடத்தில்?

நாட்டுச் சட்டத்தையும் சொல்லவேண்டும். நமது ரோமன் டச்சுச் சட்டப்படி தவறுதலாகச் செலுத்திய பணத்தை வழக்குப் போட்டு மீட்கலாம். தண்டனைச் சட்டக் கோவையின் 386ஆவது பிரிவு நேர்மையற்ற முறையில் பிறர் பொருளைக் கையாடுவது பற்றியது. நல்லெண்ணத்தோடு கைக்கு வந்த பொருளாக இருந்தாலும், பிழை தெரிந்த பிறகு நேர்மையின்றித் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி பேங்க், ரெவ்லொன் என்ற அழகுசாதனக் கொம்பனிக்குக் கடன் கொடுத்திருந்தவர்களுக்கு சுமார் 78 இலட்சம் டொலர் வட்டி அனுப்பவேண்டிய இடத்தில், முழுக் கடனையும் சேர்த்து ஏறக்குறைய 90 கோடி டொலரை அனுப்பிவிட்டது. மூன்று பேர் பார்த்து அனுமதித்த பிறகும்தான்! சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டொலரை மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு வரவேண்டிய கடன்தானே வந்தது என்பது அவர்களின் வாதம். 2021 பெப்ரவரியில் நியூயோர்க் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. 2022 செப்டெம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. 2023இல் தவணை வரும் கடன் திடீரென முழுவதும் வந்தால் சந்தேகப்பட்டு விசாரித்திருக்க வேண்டும் என்பது முக்கிய காரணம். அங்கே உண்மையாகவே கடன் இருந்தது. அப்படியிருந்தும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இனி அந்த 18,000 ரூபா விடயம். தனக்கு வரவேண்டியதை மறுப்பவனின் பொருள் கைக்குக் கிடைத்தால், தன் உரிமையளவு எடுத்துக்கொள்ள ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு என்று உலமாக்கள் சொல்கிறார்கள். அபூஸுப்யானின் மனைவி ஹிந்த் (ரழி) அவர்களின் ஹதீஸை இதற்குக் காட்டுவார்கள். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் இவருடைய கிளைமைக் கொம்பனி மறுக்கவில்லை, தாமதப்படுத்துகிறது. எவ்வளவு என்று முடிவாகவும் இல்லை. இதில் பத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை, ஒரு மௌலவியிடம் கேளுங்கள் என்றேன். வியாபாரி என்ற முறையில் சொன்னது இவ்வளவுதான்: கழிப்பதாயிருந்தால் வாயை மூடிக்கொண்டு கழிக்காதீர்கள். கடிதத்தில் எழுதிக் கேட்டுக் கழியுங்கள்.

கடிதத்தை நானே அவரோடு இருந்து எழுதினேன். கிரெடிட் நோட் நம்பர், இரண்டு தடவையும் பதிந்த திகதிகள், தொகை. கீழே, கிளைம் பணம் 18,000 ரூபா இன்னும் நிலுவையில் உள்ளது, அதை உறுதிசெய்தால் கழித்துக்கொண்டு மீதி 24,300ஐச் செலுத்துவேன் என்று. ரெப்பிடம் வாயால் சொல்லவேண்டாம், பணமாகக் கொடுக்கவே வேண்டாம் என்றும் சொன்னேன். அவன் கையில் கொடுத்த காசு கணக்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறொரு தலைவலி. பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றைப் பைலில் வைத்தோம். சில இடங்களில், "வருடக் கணக்கு ஓடிட் முடிந்துவிட்டது, வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு அதிகாரி சொல்லக்கூடும். அவர் கொம்பனியின் சொந்தக்காரரல்ல, பணம் விட்டுக்கொடுக்க அதிகாரமுள்ளவரிடமிருந்து அதை எழுத்தில் வாங்கவேண்டும்.

போன திங்கட்கிழமை அவர் டெலிபோன் எடுத்தார். இரட்டைப் பதிவைக் கொம்பனி திருத்திவிட்டதாம். கிளைமைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தையும் இல்லையாம். இரண்டாவது கடிதம் எழுத நாளை கடைக்கு வருகிறார்.