செட்டின் முதுகைப் பார்த்து வாங்குங்கள்

ஹாம் ரேடியோ செட் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்?" என்பதுதான். பேசுவதற்கு மட்டும் என்றால் அது சரியான கேள்வியே. ஓசூரில் இருந்தபடி கிருஷ்ணகிரி நண்பரின் கணினிக்கு, செல்பேசிக் கோபுரத்தையோ இணையத்தையோ நம்பாமல் எழுத்தும் கோப்பும் அனுப்ப வேண்டும் என்றால், வாட் கணக்கு வரிசையில் பின்னுக்குப் போய்விடும். முன்னால் வந்து நிற்பவை வேறு சில கேள்விகள். அவற்றுக்கான பதில் செட்டின் பளபளக்கும் முகப்பில் இருக்காது. பின்பக்கத்திலும் உள்ளேயும்தான் இருக்கும்.

ஹாம் ரேடியோ என்பது பொழுதுபோக்குக்காகவும் கற்றலுக்காகவும் தனிமனிதர்கள் நடத்தும் வானொலி நிலையம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு வைத்து உரிமம் தருகிறது; 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். பொது நிலை உரிமம் பெற்றவரின் அழைப்புக்குறி வி.யூ.2 என்றும், அதற்குக் கீழ்நிலையில் இருப்பவருடையது வி.யூ.3 என்றும் தொடங்கும். உரிமம் மத்திய அரசுடையது என்பதால் மாநில எல்லையில் ஜுஜுவாடிக்கு இந்தப் பக்கமும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் ஒரே விதிதான். தரவு அனுப்ப நமக்கு வாய்ப்பான அலைவரிசைகள் இரண்டு: 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ்.

பேச்சு இருக்கும்போது தரவு எதற்கு? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது பாரதி பிரசாத்தும் அவருடைய ஹாம் குழுவினரும் போர்ட் பிளேயரில் இருந்தார்கள். தீவின் தொடர்புகள் அறுந்த நிலையில் அவர்களுடைய நிலையம் வழியாகத்தான் பலரைப் பற்றிய செய்திகள் பெருநிலத்துக்கு வந்தன. அப்படிப்பட்ட வேளையில் பெயர், வயது, ஊர், உறவினர் தொலைபேசி எண் என்று ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி, எதிர்முனை எழுதி, திருப்பிப் படித்துச் சரிபார்க்க வேண்டும். இருநூறு பெயர்கள் என்றால் மணிக்கணக்கில் ஆகும். கணினி வழியே போனால் சில நிமிடங்களே. பிழை நேர்ந்த துண்டை இயந்திரமே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இந்த முறைக்குப் பாக்கெட் ரேடியோ என்று பெயர். செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புபவர், பெறுபவர் அழைப்புக்குறிகளை ஒட்டி, கடைசியில் சரிபார்ப்பு எண் சேர்த்து அனுப்புவார்கள். ஏஎக்ஸ்.25 என்ற நெறிமுறை 1980-களிலிருந்து இதற்குப் புழக்கத்தில் இருக்கிறது. பரவலாக உள்ள வேகங்கள் இரண்டு: நொடிக்கு 1200 பிட், நொடிக்கு 9600 பிட். இணையத்தின் கணக்கில் இரண்டுமே ஆமை வேகம்தான். ஆனாலும் எழுத்துச் செய்திக்கு 9600 தாராளம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். கிருஷ்ணகிரி என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 11 பைட். யூனிகோடு தமிழில் 33 பைட். நம் மொழிக்கு மூன்று மடங்கு இடம் தேவை.

1200-இல் அனுப்ப எந்த செட்டும் போதும். அது 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றி ஊதுவதுதான். இரண்டும் மனிதக் குரலின் எல்லைக்குள் இருப்பதால் மைக் வழியே உள்ளே போய் எதிர்முனை ஸ்பீக்கர் வழியே வெளியே வந்துவிடும். பாஃபெங் யுவி-5ஆர் போன்ற மலிவான கைச்செட்டும், சவுண்ட் கார்டை மோடமாக மாற்றும் டயர்உல்ஃப் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் இன்றைக்கே தொடங்கிவிடலாம்.

9600-இல் கதை மாறுகிறது. அந்தச் சமிக்ஞை சுழியத்தை ஒட்டிய அதிர்வெண்ணிலிருந்து 4800 ஹெர்ட்ஸ் வரை பரந்து கிடக்கிறது. செட்டின் ஒலிப்பகுதியோ குரலுக்காக வடிவமைக்கப்பட்டது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3000-க்கு மேலேயும் வெட்டிவிடும். போதாக்குறைக்கு, எஃப்எம் செட்டுகள் இரைச்சலைக் குறைப்பதற்காக உயர்ந்த ஒலிகளை அனுப்பும்போது தூக்கி, பெறும்போது தாழ்த்துகின்றன. குரலுக்கு இது நன்மை. பிட்டுகளின் வடிவமோ சிதைந்துவிடும். ஆகவே 9600 சமிக்ஞை மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒதுக்கிவிட்டு, அனுப்பும்போது நேரே பண்பேற்றும் இடத்துக்கும், பெறும்போது அலையிலிருந்து சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து நேரே மோடத்துக்கும் போக வேண்டும்.

அதற்கான வாசல்தான் செட்டின் முதுகில் இருக்கும் ஆறு பின் 'டேட்டா' சாக்கெட். பழைய கணினிகளில் கீபோர்டு மாட்டிய அதே வட்டச் சாக்கெட்தான். 1ஆம் பின்னில் தரவு உள்ளே போகிறது, 2 கிரவுண்ட், 3 பிடிடி, அதாவது ஒலிபரப்பைத் தொடங்கும் பொத்தானுக்கு ஈடானது, 4-இல் 9600 வெளியே வரும், 5-இல் 1200, 6 ஸ்க்வெல்ச், அதாவது சமிக்ஞை வருகிறதா என்று காட்டுவது. பழைய கீபோர்டு கேபிளை வெட்டி இதில் சொருகலாம் என்று தோன்றும், பிளக்கும் பொருந்தும். ஆனால் கீபோர்டுக்கு 2, 6 இரண்டு பின்களும் தேவையில்லை என்பதால் பல கேபிள்களில் அங்கே கம்பியே இருக்காது. நமக்கு கிரவுண்ட் இருப்பதோ 2-இல். மல்ட்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னாகச் சோதிக்காமல் சோல்டர் வைக்கக் கூடாது. உள்ளே அனுப்பும் அளவும் வேறு: 1200-க்கு சில பத்து மில்லிவோல்ட் போதும், 9600-க்கு செட்டைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வோல்ட். மெனுவில் வேகத்தை மாற்ற மறந்தால் எல்லாம் சரியாக இணைத்திருந்தும் எதிர்முனைக்கு எதுவும் புரியாது. கென்வுட் டிஎம்-வி71, யாசு எஃப்டி-857, எஃப்டி-817 ஆகியவற்றில் இந்தச் சாக்கெட் உண்டு. கென்வுட் டிஎம்-டி710-இல் மோடமே உள்ளே இருக்கிறது.

சாக்கெட் இருப்பதோடு சோதனை முடிந்துவிடாது. பெறும் நிலையிலிருந்து அனுப்பும் நிலைக்கு மாற ஒவ்வொரு செட்டும் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது; ரிலே புரள வேண்டும், அலைவெண் நிலைகொள்ள வேண்டும். அதுவரை மோடம் காத்திருக்கும். 256 பைட் துண்டு ஒன்று 1200-இல் போக 1.7 நொடி, 9600-இல் 0.21 நொடி. மாறும் நேரம் 0.3 நொடி என்றால் மொத்தம் 2 நொடியும் 0.51 நொடியும் ஆகும். எட்டு மடங்கு வேகம் என்று வாங்கிய மோடம் நான்கு மடங்கைத்தான் தருகிறது. ஓசூரிலிருந்து எவ்வளவு விரட்டி வந்தாலும் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் நின்றால் மிச்சப்படுத்திய நேரம் போய்விடுவது மாதிரிதான் இது. 0.05 நொடியில் மாறும் செட் கிடைத்தால் ஆறரை மடங்குக்கு மேல் வரும். விற்பனைத் தாளில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. ஏற்கெனவே பயன்படுத்துகிறவரைத்தான் கேட்க வேண்டும். அல்லது மோடத்தில் காத்திருப்பு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த இடத்தில் துண்டுகள் தவறத் தொடங்குகின்றன என்று நாமே பார்க்க வேண்டும்.

அடுத்தது இடம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம்; கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டியது. இடையே ஐம்பது கிலோமீட்டரும் குன்றுகளும். நேர்ப்பார்வை கிடைத்துவிட்டால் இந்தத் தூரத்துக்கு 10 வாட்டே மிகுதி. குன்று குறுக்கே நின்றால் 50 வாட்டும் பெரிதாக உதவாது. ஐந்து வாட்டை ஐம்பதாக்கினால் கிடைப்பது 10 டெசிபெல். 1200-இலிருந்து 9600-க்குத் தாவினால் ஏறக்குறைய 9 டெசிபெல் கூடுதல் வலு தேவைப்படுகிறது. வாங்கிய வாட்டை வேகமே தின்றுவிடும். அந்தப் பணத்தை ஆன்டெனாவின் உயரத்துக்கும் நல்ல கேபிளுக்கும் செலவிடுவது மேல். குன்றின்மேல் வீடோ தோட்டமோ உள்ள நண்பர் ஒருவர் இடைநிலையம் வைக்க இசைந்தால் அதைவிட மேல்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெல்டிங் இயந்திரம், மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மலிவான எல்இடி விளக்கு எல்லாம் இரைச்சல் கிளப்புபவை. இது தாழ்ந்த அலைவரிசைகளில் அதிகம், மேலே போகப் போகக் குறையும். அதனால் அங்கே 434–438 பட்டையை முதலில் முயலலாம். மாடிக்கு மாடி கோபுரங்கள் நிற்கும் இடத்தில் ஒற்றைச் சிப் கைச்செட்டுகள் வலுவான பக்கத்து அலைகளில் திணறி, வர வேண்டிய மெல்லிய சமிக்ஞையைக் கோட்டைவிடும். வடிகட்டி நன்றாக உள்ள பழைய செட், புதிய மலிவுச் செட்டைவிட அங்கே கைகொடுக்கும்.

ஆலை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: ஹாம் அலைவரிசையில் வணிகச் செய்தி கூடாது, மறைகுறியாக்கமும் கூடாது. கிடங்குக் கணக்கை ஆலைக்கு அனுப்ப 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய உரிமம் தேவைப்படாத பட்டையோ, நேர்ப்பார்வை இருந்தால் வைஃபை டிஷ்ஷோ இருக்கிறது. நொடிக்குப் பல மெகாபிட் வேண்டும் என்பவர்களுக்கு அந்த டிஷ்ஷே வழி.

இந்தப் பகுதிக்கு அருகிலேயே பெங்களூர் இருப்பது பெரிய வசதி. 2005 மே 5 அன்று பிஎஸ்எல்வி-சி6 ஏவிய ஹாம்சாட் என்ற ஹாம்களுக்கான செயற்கைக்கோள் அங்கேதான் உருவானது. விண்வெளி மைய ஊழியர்களின் ஹாம் கழகமும் அங்கே இருக்கிறது. செட் வாங்கும் முன் அந்த ஊர் ஹாம்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்பது எந்த விளம்பரத் தாளையும்விடப் பயன் தரும்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் உரிமம். பிறகு எந்தக் கைச்செட்டிலாவது 1200-இல் பழக்கம். சர்வதேச விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது இந்த வேகத்தில் பேசுவதைக் கேட்டுப் பார்க்கலாம். அடுத்து ஆன்டெனா. அதன் பின்னரே டேட்டா சாக்கெட் உள்ள செட், அதுவும் ஒரே மாதிரி இரண்டு, ஆளுக்கு ஒன்று. ஒருவர் மட்டும் 9600-க்கு மாறினால் அவர் பேச ஆள் இருக்காது.