புதிய பதிப்பு வந்ததும் மந்தமான பக்கம்

கணக்காளனுக்கு இணையப் பக்கத்தில் என்ன வேலை என்று சென்ற நிகழ்ச்சியில் கேட்டீர்கள். அது தானாக வந்து தலையில் ஏறிய வேலை.

2009இல் மொன்றியல் துறைமுகத்துக்கு அருகே ஒரு சிறிய சரக்குக் கம்பனிக்குக் கணக்கு எழுதினேன். கொள்கலன்களின் பட்டியல் ஒரு வலைப்பக்கத்தில் வரும். இலவச நாட்கள் முடியப்போகும் கொள்கலன்களைத் தேடிப்பிடித்துச் சிவப்பாக்குவது அந்தப் பக்கத்தின் நிரல். அதைப் பார்த்துத்தான் எங்கட ஆட்கள் லொறி எடுப்பார்கள்.

அந்த ஜனவரியில் ஜேக்வெரி என்ற நிரல் நூலகத்தின் 1.3 பதிப்பு வெளிவந்தது. வேகம் கூட என்று கேள்விப்பட்டு மாற்றினோம். பக்கம் உறைந்து நின்றது. தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம்! சிவப்பு வரும்வரை பொறுக்காமல் போன ஒரு நாளில் ஒரு கொள்கலன் தப்பிவிட்டது. அதன் தாமதக் கட்டணத்தை நானே கணக்கில் பதிந்தேன். "தம்பி, கணக்குப் பார்க்கிறனீர், உந்தப் பெட்டியையும் ஒருக்காப் பாருமன்" என்றார் ஒரு லொறிக்கார அண்ணர். பக்கத்தை எழுதிய பெடியன் ரொறொன்ரோவுக்குப் போய்விட்டான்.

வீட்டில் பயர்பொக்ஸ் 3இல் திறந்தால் வேகம். கந்தோரில் இருந்தது இன்ரர்நெற் எக்ஸ்ப்ளோரர் 6. அங்கேதான் பிடி கிடைத்தது.

1.3இல் ஜோன் ரெசிக் எழுதிய சிசில் என்ற புதிய தேடும் பகுதி இருந்தது. "ஏழாம் முற்றம், கடைசிநாள்" என்று கேட்டால், பழைய பதிப்பு முதலில் ஏழாம் முற்றத்துக்குப் போய், அங்கு மட்டும் தேடும். சிசில் கடைசிச் சொல்லில் தொடங்கும். துறைமுகம் முழுவதிலும் "கடைசிநாள்" ஒட்டியவற்றைச் சேர்த்துவிட்டு, ஒவ்வொன்றாக "நீ ஏழாம் முற்றமா?" என்று விசாரிக்கும். ஒட்டிய பெயரைக் கொண்டு, அதாவது கிளாஸைக் கொண்டு, தேடித்தரும் வசதி பயர்பொக்ஸ் 3இல் உள்ளேயே உண்டு. எக்ஸ்ப்ளோரர் 6, 7 இரண்டிலும் இல்லை. ஆகவே பக்கத்திலுள்ள அத்தனை உறுப்பையும் தொட்டுப் பார்க்கவேண்டும். எங்கள் நிரலோ இதை ஒவ்வொரு வரிக்கும் செய்தது.

கொள்கலன் ஒவ்வொன்றுக்கும் 4 எழுத்தும் 7 இலக்கமும் உண்டு. அந்த எண் இன்னொன்றுக்கு வராது. பக்கத்தில் ஐடி என்பது அதுபோல. எனவே முதலில் ஐடியால் அட்டவணையைப் பிடித்தேன். பிறகு 'பைண்ட்' கட்டளையால் அதற்குள் மட்டும் தேடினேன். கிளாஸ் பெயருக்கு முன்னால் ரீடி என்ற கட்டத்தின் பெயரையும் சேர்த்தேன். கிடைத்ததை ஒரு மாறியில் வைத்து, திரும்பத் திரும்பத் தேடுவதை நிறுத்தினேன். ஒரே தொகைக்குப் பேரேட்டை நூறு தரம் புரட்டுவார்களா?

அன்று பின்னேரம் பக்கம் உடனே சிவந்தது. அண்ணர் ஒன்றும் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

2010 ஜனவரியில் வந்த 1.4, ஐடியில் தொடங்கும் தேடலுக்குக் குறுக்குவழி வைத்தது. இப்போதைய உலாவிகள் இந்தத் தேடலைத் தாங்களே செய்கின்றன. ஆனால் 'விசிபிள்' போன்றவை ஜேக்வெரியின் சொந்தச் சொற்கள், உலாவிக்கு விளங்காது. 2016இன் 3.0 பதிப்பு அவற்றை வேகப்படுத்தியது உண்மைதான். என்றாலும் பழைய பக்கங்களைப் பராமரிக்கும் பிள்ளைகள், முதலில் சாதாரணத் தேடலை முடித்துவிட்டு, அதன்பின் 'பில்ரர்' கட்டளையில் அந்தச் சொல்லைக் கொடுங்கள்.