வீட்டு மின்னேற்றி: விலையை விசாரிக்கும் முன் மின்மானியைப் பார்ப்போம்

2020 ஆம் ஆண்டு இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதைத் தொடர்ந்து நாட்டில் மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெருகத் தொடங்கியது. வாகனத்தைத் தெரிவு செய்வதில் பல மாதங்களைச் செலவிடும் நாம், அதற்கு நாள்தோறும் மின்னூட்டும் கருவியை ஒரே நாளில் தீர்மானித்து விடுகின்றோம். இந்த அவசரம் வீண் செலவை மட்டுமன்றித் தீ விபத்தையும் வருவிக்கக் கூடியது என்பதை மறந்துவிடலாகாது.

முதலில் நமது தேவை எவ்வளவு என்பதைக் கணக்கிட வேண்டும். நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடும் சாதாரண காருக்கு ஏறத்தாழ 7 அலகு மின்சாரம் போதுமானது. 10 அம்பியர் ஓட்டத்தில் இயங்கும் சிறிய மின்னேற்றி 230 வோல்ற்றில் மணிக்கு 2.3 அலகு வழங்கும். அதாவது மூன்று மணித்தியாலங்களில் அன்றைய தேவை நிறைவேறிவிடும். 7 கிலோவாற் மின்னேற்றி அனைவருக்கும் அவசியமானதல்ல. மேலும், மின்னூட்டும் வேகத்துக்கு எல்லை வகுப்பது காரின் உள்ளேயுள்ள சார்ஜரே. 3.3 கிலோவாற் மட்டுமே ஏற்கும் பழைய காருக்குப் பெரிய கருவியை வாங்குவதால் எப்பயனும் இல்லை. ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு வந்த கார்களின் பிளக்கும் புதிய கார்களின் பிளக்கும் வேறுபடலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது வீட்டின் மின்னிணைப்பாகும். நமது வீடுகளிற் பெரும்பாலானவை 30 அம்பியர் தனிக்கட்ட இணைப்பையே கொண்டுள்ளன. சில பழைய வீடுகளில் அது 15 அம்பியர் மாத்திரமே. 7 கிலோவாற் மின்னேற்றியோ தனியாகவே 32 அம்பியர் வரை இழுக்கும். மூன்று கட்ட 30 அம்பியர் இணைப்புக்கு மாறினாலும் ஒரு கட்டத்தில் 30 அம்பியரே கிடைக்கும். ஆகவே ஓட்டத்தைக் குறைத்து அமைக்கக்கூடிய மின்னேற்றியைத் தெரிவு செய்வதே அறிவுடைமையாகும். நோன்பு காலத்தில் ஸஹர் வேளையில் அடுப்பும் நீர்ப்பம்பியும் ஒருங்கே இயங்கும் வீடுகளில் இது மேலும் முக்கியமானது.

பாதுகாப்பு விடயத்தில் சிக்கனம் கூடாது. சாதாரண 13 அம்பியர் பிளக்குகள் பல மணித்தியாலங்கள் முழுச் சுமையைத் தாங்குவதற்கென உருவாக்கப்பட்டவையல்ல. சுருட்டிய நீட்சி வயர் இன்னும் ஆபத்தானது. அது சூடேறி உருகக்கூடும். மின்னேற்றிக்கெனப் பிரதான பலகையிலிருந்து தனியான வயர் இழுக்கப்பட வேண்டும். 32 அம்பியருக்கு 6 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்பு வயர் தேவை. தனியான சுற்றுடைப்பானும், 30 மில்லி அம்பியர் கசிவில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் இருத்தல் வேண்டும். காரிலிருந்து நேரோட்டம் கசியுமாயின் சாதாரண ட்ரிப் சுவிட்ச் செயலிழக்கலாம். அதனை உணரும் வசதி மின்னேற்றியில் உண்டா என விற்பனையாளரிடம் கேட்பது அவசியம். வரண்ட மணற்பாங்கான நிலத்தில் புவித்தொடுப்பு பலவீனமாக இருக்குமாதலால் அதனை அளந்து பார்க்காமல் கருவியைப் பொருத்தலாகாது. வெளிச்சுவரில் பொருத்துவோர் மழையையும் கடற்காற்றையும் தாங்கும் பெட்டியைத் தெரிவு செய்து, வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலாக அமைக்க வேண்டும். 2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளியின் பாடம் இன்னும் பழையதாகிவிடவில்லை. இப்பணிகளை உரிய தகைமைச் சான்றிதழ் பெற்ற மின்னிணைப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

இறுதியாக, மின்னூட்டும் நேரம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும். வேலை முடிந்து வந்ததும் காரை இணைப்பது அச்சுமையைக் கூட்டுவதாகும். இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரையான ஏழு மணித்தியாலங்களே உகந்தவை. நேர அடிப்படையிலான கட்டண முறைக்கு மாறுவோருக்கு அவ்வேளையில் மலிவான மின்சாரம் கிடைக்கும். ஆயினும் அக்கட்டணம் வீடு முழுவதற்கும் பொருந்துவதால், மாலையில் அதிகம் பாவிக்கும் குடும்பங்கள் கணக்கிட்ட பின்னரே மாற வேண்டும். கூரையில் சூரிய மின்கலம் உள்ளவர்கள் பகலில் மின்னூட்டுவது நாட்டுக்கும் நன்மையே. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து, கூரைச் சூரிய மின் தொகுதிகளைப் பகலில் நிறுத்துமாறு கோரப்பட்டதை நாம் அறிவோம்.

எரிபொருள் வரிசையில் இரவுகளைக் கழித்த 2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. அந்த நிலையிலிருந்து விடுபட மின்சாரக் கார் ஒரு வழியாகலாம். ஆனால் அவ்வழி நமது வீட்டு மின்பலகையிலிருந்தே ஆரம்பமாகிறது. அதனைச் சீர்செய்துவிட்டுக் காரை வாங்குவதே முறையாகும்.