‘ஊர்ல எந்தத் தெரு?’

“ஊர் எது தம்பி?”

சொல்கிறார்.

“ஊர்ல எந்தத் தெரு?”

வாயடைத்துப் போகிறார். சுற்றி உட்கார்ந்திருந்த யாரும் சிரிக்கவில்லை. “மறுபடி முதல்ல இருந்து” என்கிறார் கேள்வி கேட்ட மாணவர்.

இது நேர்காணல் அல்ல, அதற்கான ஒத்திகை. நம் மாவட்டத்தில் உள்ள ஆதிதிராவிடர் நல விடுதி ஒன்றின் வராந்தாவில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் நடக்கிறது. இவ்விடுதிகளுக்கு 2025-ல் ‘சமூகநீதி விடுதி’ என்று அரசு பெயர் சூட்டியது. வெளியே கேட்கப்படும் கேள்வி மட்டும் மாறவில்லை.

நாம் போன அன்று திணறியவர் கணிதம் மூன்றாம் ஆண்டு மாணவர். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர். குரூப் 4 தேர்வை மட்டுமே நம்பியிருந்தார். அதில் தமிழுக்கு 100 கேள்விகள், 150 மதிப்பெண். 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதைத் தாண்டிவிட்டார், தரவரிசையில் பின்தங்கினார்.

“ரெண்டு மாசம் புத்தகத்தையே தொடலண்ணே. நமக்கெல்லாம் இது வராதுன்னு தோணிடுச்சு” என்றார் நம்மிடம்.

அறைத் தோழர்கள் புத்திமதி சொல்லவில்லை. வங்கி அதிகாரித் தேர்வுக்குப் படிக்கும் 4 பேருக்குக் கணக்குச் சொல்லித் தரக் கூப்பிட்டார்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான், இதைத் தானும் எழுதலாமே என்று அவருக்குத் தோன்றியது. குரூப் 4-ல் நேர்காணல் கிடையாது. இதில் உண்டு. அதற்குத்தான் ஒத்திகை.

தன்னம்பிக்கை பேச்சால் மட்டும் வளர்வதில்லை, ஒன்றைச் செய்து முடித்தும், தன்னைப் போன்ற ஒருவர் முடித்ததைப் பார்த்தும் வளர்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-ல் எழுதினார். இங்கே அந்த ‘ஒருவர்’, இதே விடுதியில் படித்து இன்று வங்கி அதிகாரியாக இருக்கும் ஓர் அண்ணன். ஞாயிறுதோறும் வருகிறார். எந்தச் சான்றிதழை எப்போது வாங்கி வைப்பது, விண்ணப்பத்தில் எங்கே தவறு நேரும் என்று உட்கார்ந்து சொல்கிறார். தெருக் கேள்விக்கும் அவரிடம் வழி இருக்கிறது: தெருப் பெயரைத் தயங்காமல் சொல், அடுத்த மூச்சில் உன் படிப்பைப் பற்றிப் பேசு. கூச வேண்டியவர் கேட்பவர்தான். ஆனால் ஒத்திகை பார்ப்பது நம் பிள்ளைகள்.

பக்கத்திலேயே இருக்கும் மாணவியர் விடுதியில் இப்படி ஒரு கூட்டம் இல்லை. படித்து வேலைக்குப் போன அக்காக்கள் உள்ளே வர அனுமதியில்லை. ஞாயிறு பகலில் 2 மணி நேரம் கேட்டு, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாணவிகள் மனு கொடுத்து 3 வாரம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை.