உங்களுக்குத் தெரியுமா? ஒரு பெட்டிக்குள் ஜானி கேஷ்

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1958 முதல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடிவந்தார். இசைத்தட்டு விற்பனை சரிந்ததும் 1986இல் அது அவரைக் கைகழுவியது. அவர் கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

கைகொடுத்தவர், ராப், மெட்டல் இசைத் தயாரிப்பில் பெயர் வாங்கிய ரிக் ரூபின். வாத்தியக் குழு எதுவும் வேண்டாம் என்று சொல்லி, கேஷைத் தன் வீட்டு வரவேற்பறையில் கிட்டாரோடு உட்கார வைத்தார். அப்படிப் பதிவாகி 1994இல் வெளியான ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ தொகுப்பு சமகால நாட்டுப்புற இசைக்கான கிராமி விருதைப் பெற்றது. கன்ட்ரி இசையின் தூணுக்குக் கிடைத்தது நாட்டுப்புற விருது!

2003 செப்டம்பரில் கேஷ் இறந்தார். இரண்டே மாதத்தில் வந்தது ‘அன்எர்த்ட்’ என்ற ஐந்து குறுந்தகடுகள் கொண்ட பெட்டித் தொகுப்பு. முதல் மூன்றிலும், ரூபினோடு செய்து அதுவரை வெளிவராத பதிவுகள். அவற்றில் ஒன்று, பங்க் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரோடு சேர்ந்து பாடிய பாப் மார்லி பாட்டு. தொகுப்பு வந்தபோது பாடிய இருவருமே உயிரோடு இல்லை.

நான்காவது தட்டுதான் உயிர். அம்மாவின் பழைய துதிப்பாடல் புத்தகத்திலிருந்து 15 பாடல்கள். ஒரு குரல், ஒரு கிட்டார், வேறொன்றும் கிடையாது. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பருத்திக்காட்டில் வளர்ந்த பிள்ளை, சிறுவயதில் அம்மா பாடக் கேட்ட பாடல்கள் அவை. தான் பதிவுசெய்தவற்றிலேயே மிகப் பிடித்தது இதுதான் என்று கேஷே சொல்லியிருக்கிறார். குரலில் முதுமையின் கரகரப்பு தெரியும். அதை மறைக்க யாரும் முயலவில்லை.

முழுப் பெட்டியையும் கேட்க நேரமில்லையா? நான்காவது தட்டிலிருந்து தொடங்குங்கள்.